திங்கட்கிழமை சிப், புதன்கிழமை பதிவு

மருந்துக்கடைக்காரரின் பூனை, சிப் பொருத்தப்பட்ட ஒன்பதாம் நாள், தன் உரிமையாளரை மாற்றிக்கொண்டது. அதற்காக யாரும் விண்ணப்பம் கொடுக்கவில்லை, எந்தப் படிவத்திலும் கையெழுத்து விழவில்லை. கழுத்துப்பட்டைக்கான தகடு வாங்குவதற்காக மருந்துக்கடைக்காரர் பூனையை ஒரு கூடையில் வைத்து நகராட்சிக்குக் கொண்டுவந்தார். பதிவு எழுத்தர் வழக்கப்படி ஸ்கேனரை அதன் பிடரியில் வைத்தார். பீப் என்றது. பதினைந்து இலக்க எண் வந்தது. எண்ணுக்கு நேராக, இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் கடிகாரம் பழுது பார்ப்பவரின் பெயரும் முகவரியும் வந்தன. எழுத்தர் ஸ்கேனரைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் கடிகாரக்காரர்தான். பூனை கூடைக்குள் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்றே கால், வெளியே சுமாரான வெயில்.

அந்த எழுத்தருக்கு ஊரில் மறுபார்வை என்று பெயர். எதையும் ஒரு தடவை பார்த்து அவர் நம்பியதாகச் சரித்திரம் இல்லை. வீட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போவார், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். பால் பாக்கெட்டின் தேதியைக் கடையில் ஒரு தரம், வீட்டில் ஒரு தரம். தன் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பெண்ணின் பெயரை அவளிடமே இரண்டு முறை எழுத்துக்கூட்டிக் கேட்டவர் என்று சொல்வார்கள். அவர் மனைவி இதை மறுத்ததில்லை. பத்தொன்பது வருடமாக அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் கேட்பது இரண்டே கேள்வி. எங்கே போயிருந்தாய் என்பது முதல் கேள்வி. நிஜமாகவா என்பது இரண்டாவது.

விதி வந்தது அதற்கு இரண்டு மாதம் முன்பு. பன்னிரண்டு வாரத்துக்கு மேற்பட்ட நாய், பூனை மற்றும் அவற்றைப் போல வீட்டில் வைத்துப் பராமரிக்கப்படும் பிற உயிர்கள் அனைத்துக்கும் தொண்ணூறு நாளுக்குள் தோலுக்கடியில் சிப் பொருத்த வேண்டும். சிப் ஒரு அரிசி அளவு. அதன் எண் நகராட்சிக் கணினியில் உரிமையாளரின் பெயரோடு சேர்த்துப் பதியப்படும். ஒரு உயிருக்கு ஒரே உரிமையாளர், படிவத்தில் ஒரே வரி. தொண்ணூறு நாள் முடிந்த பிறகு வெளியூரிலிருந்து அதிகாரி வந்து வீடு வீடாகச் சோதிப்பார். ஸ்கேனர் சொல்லும் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் அந்த உயிர் அநாதை என்று கருதப்பட்டு வண்டியில் ஏற்றப்படும். காப்பகத்தில் ஏழு நாள் வைத்திருப்பார்கள். ஏழு நாளுக்குப் பிறகு என்ன என்பதற்கு விதியில் ‘உரிய முறையில்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. அந்த இரண்டு சொற்களைப் படித்த பிறகு ஊரில் யாரும் சிப்பைத் தள்ளிப்போடவில்லை.

சிப் பொருத்தும் வேலை திங்கட்கிழமைகளில், நகராட்சியின் பின்புறத் தகரக் கொட்டகையில் நடந்தது. மருத்துவர் ஊசி போடுவார், அவருடைய கம்பவுண்டர் எண்ணைப் படிவத்தில் எழுதுவார். அந்த நிமிடமே கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் உத்தரவு. ஆனால் கம்பவுண்டர் போடும் ஒன்று ஏழு மாதிரி இருக்கும், ஏழு எதைப் போலவும் இருக்காது. மறுபார்வைக்கு அந்த ஆள்மேல் நம்பிக்கை இல்லை. படிவங்களை எல்லாம் வாங்கிப் பூட்டி வைத்து, செவ்வாய்க்கிழமை முழுக்க ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்து, புதன்கிழமைதான் ஏற்றுவேன் என்று அடம்பிடித்தார். மேலிடமும் சரி என்றது. இப்படி அந்த ஊரில் மட்டும் திங்களிலிருந்து புதன் வரை ஒவ்வொரு நாயும் பூனையும் யார் பெயரும் இல்லாத எண்ணைச் சுமந்துகொண்டு தெருவில் திரிந்தன. பெயர்க்கட்டம் காலி. இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த இரண்டு நாளில் அவை தாங்களாகவே கட்டத்தை நிரப்பிக்கொண்டன என்பதும், புதன்கிழமை மறுபார்வை ஏற்றிய பெயர் ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம்போல ஒரு வாரம் தாங்கிவிட்டுக் கழன்று விழுந்தது என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

மருந்துக்கடைக்காரர் அன்றே கடிகாரக் கடைக்குப் போனார். இருபது வருடப் பழக்கம். கடிகாரக்காரரின் கண் சொட்டு மருந்து இவர் கடையில்தான்.

“என் பூனைய நீங்க எதுக்குக் கூப்பிடறீங்க?”

“நான் கூப்பிடலைங்க. மத்தியானம் அதுவா வரும், மேசைல படுத்துக்கும். எல்லாக் கடிகாரமும் ஓடுறதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். நாலு மணிக்குப் போயிரும்.”

“கடைல மீன் வச்சிருக்கீங்களா?”

“கடிகாரந்தான் வச்சிருக்கேன்.”

அதற்குப் பிறகு கடிகாரக்காரர் சொட்டு மருந்தை வேறு கடையில் வாங்கினார். மறுபார்வை கணினியில் பெயரைத் திருத்தினார். மறுநாள் காலையில் பார்த்தால் திருத்தம் இல்லை. மறுபடி திருத்தினார். மறுபடி இல்லை. அந்த வாரம் வக்கீலின் இரண்டு உயரமான நாய்களும் வாசலில் துணி தேய்ப்பவரின் பெயருக்கு மாறின. பேசிக்கொள்ளாமல் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழ்ந்த அக்கா தங்கை இருவரின் இரண்டு பூனைகளும் ஒன்றுக்கொன்று இடம் மாறின. ரொட்டிக்கடைப் பகுதியில் இருந்த ஒரு சாம்பல் பூனை காலையில் ரொட்டிக்கடை அம்மாளுக்கும், மதியம் வங்கிக் காவலாளிக்கும், மூன்று மணிக்கு மேல் பள்ளிக்கூட நூலகருக்கும் சொந்தமாக இருந்தது. அதை எந்த நேரத்தில் ஸ்கேன் செய்தோம் என்று கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரும்புக்கடையின் கிழட்டு நாய்க்கு, நாலு வருடம் முன்பு இறந்துபோன பெரிய முதலாளியின் பெயர் வந்தது, அவர் காலத்துப் பழைய தொலைபேசி எண்ணோடு. மறுபார்வை அந்த எண்ணுக்குப் போன் போட்டார். இணைப்பு துண்டிக்கப்பட்ட எண், ஆனால் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் முறை அவர் போடவில்லை.

ஊரில் சந்தேகம் தலைவிரித்து ஆட ஆரம்பித்தது. பூனையைப் பின்தொடர்ந்து போவது சிலருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. இரண்டு மணி வெயிலில் கௌரவமான ஆட்கள் மதில் ஓரமாகக் குனிந்து நடந்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்தார்கள். தனியாக வசிப்பவர் அரைக் கிலோ மீன் வாங்கினால் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். விஷயம் பூனையோடும் நிற்கவில்லை. “நம்ம பூனை கறுப்பு. உங்க பேன்ட்ல இருக்கறது வெள்ளை முடி. மத்தியானம் எங்க இருந்தீங்க?” என்று தையல்காரரிடம் அவர் மனைவி கேட்டது தெருவுக்கே கேட்டது. தையல்காரர் ஒரு வாரம் கடையிலேயே படுத்துக்கொண்டார். யாருடைய நாய் யாரைப் பார்த்து வாலாட்டுகிறது என்று எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். நாய்கள் எப்போதும்போல வாலாட்டின.

நகராட்சி ஆணையரின் சந்தேகம் ஒரே ஆள்மேல் விழுந்தது. கணினியின் கடவுச்சொல் மறுபார்வைக்கு மட்டும்தான் தெரியும். பதிவுகள் தாமாக மாறாது. எனவே மாற்றியது யார் என்பதைப் பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் விளக்குமாறு அவருக்குக் குறிப்பாணை வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார். வாழ்நாள் முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவருக்கு, தன்னை ஒருவர் சந்தேகப்பட முடியும் என்பது அதுவரை தோன்றியதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். கடவுச்சொல்லை அவர் தினமும் மாற்றுவார். மாற்றியதை மறக்காமல் இருக்க, வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரின் பின்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் எழுதி வைப்பார். அந்த வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பொடி எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வீட்டில் ஒரு நாயும் உண்டு. அதன் பெயர் பொட்டலம். ஏழு வருடம் முன்பு யாரோ அதைச் செய்தித்தாளில் சுற்றி, செருப்புப் பெட்டியில் வைத்து, இவர்கள் வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டி யாருடையது என்று மறுபார்வை தெருவில் எல்லா வீட்டிலும் விசாரித்துவிட்டு, இரண்டாம் சுற்று விசாரிக்கக் கிளம்பியபோது அவர் மனைவி பெட்டியைத் திறந்துவிட்டாள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அவர் பூட்டை இழுத்துப் பார்க்கப் போகும்போது கூடவே வரும். தெருமுனையிலிருந்து திரும்பினால் அதுவும் திரும்பும், இரண்டாம் முறையும் கூடவே நின்று பார்க்கும். இந்த உலகத்தில் தன்னை ஏனென்று கேட்காத ஒரே ஜீவன் அது என்று அவர் நினைத்திருந்தார். அதற்கும் ஊரார் நாய்களுக்குப் போலவே ஒரு திங்கட்கிழமை சிப் போட்டு, புதன்கிழமை தன் பெயரில் ஏற்றியிருந்தார். அதன் பிறகு அறுநூற்று நாற்பது நாய் பூனைகளின் பிடரியில் ஸ்கேனரை வைத்த அந்தக் கை, பொட்டலத்தின் பக்கம் மட்டும் போகவில்லை.

“ஊர் நாயெல்லாம் பாக்கறீங்க. நம்மளதைப் பாத்தீங்களா?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

“அது நம்ம வீட்லதானே இருக்கு. அதைப் போய் என்ன பாக்கறது.”

அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். இவர் எதையாவது பார்க்காமல் விடுவது அவளுக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் வெள்ளைத் தூளைக் கண்டார். ஒரு புதன்கிழமை அலுவலகத்திலிருந்து வந்தபோது பொட்டலத்தின் மூக்கு நுனியில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மனைவியின் வலது ஆள்காட்டி விரல் நகத்திலும் அதே வெள்ளை. எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். கடையில் சரக்கு வந்தது, பெட்டி பிரித்தோம் என்றாள். நிஜமாகவா என்றார். நிஜமாக என்றாள். கண்ணாடிக் கடை புதன்கிழமை மதியத்துக்கு மேல் திறந்திருப்பதில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது அவள் குளிக்கப் போன பிறகு. நாயின் மூக்கை ஒரு தாளில் துடைத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். பூனையைப் பறிகொடுத்த மருந்துக்கடைக்காரர் யாருக்கும் நல்ல சேதி சொல்லும் மனநிலையில் இல்லை. தூளை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

“போரிக் பவுடர். தண்ணில கரைச்சுக் கண்ணைக் கழுவலாம். சர்க்கரையோட கலந்து வச்சா கரப்பான்பூச்சி செத்துரும்.”

“மனுஷன்?”

“எத்தனை நாளா குடுக்கறாங்கங்கறதைப் பொறுத்தது” என்றார் மருந்துக்கடைக்காரர், யாரும் கேட்டிராத ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லும் திருப்தியோடு.

அன்றிலிருந்து மறுபார்வை மனைவி தரும் காபியைக் குடிக்கவில்லை. அவள் திரும்பியதும் ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றினார். செடி நன்றாகத் தழைத்தது. அதையும் அவர் சந்தேகமாகத்தான் பார்த்தார். குறிப்பாணைக்கான விளக்கத்தில் மூன்று முறை ஏதோ எழுதி மூன்று முறை கிழித்தார். சோதனை அதிகாரி வருவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மனைவி வேலைக்குக் கிளம்பியதும், அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த ஸ்கேனரைப் பொட்டலத்தின் பிடரியில் வைத்தார். பீப் என்றது. உரிமையாளர் என்ற வரியில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. அதை அவர் தாங்கிக்கொண்டார், ஒருவகையில் எதிர்பார்த்ததும்கூட. அடுத்த வரியில் முகவரி. தண்ணீர்த் தொட்டிச் சந்து, ஒன்பதாம் எண். அது அவர்கள் வீட்டு முகவரி இல்லை. அந்தச் சந்தில் அவர்களுக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. நாயின் கணக்குப்படி அவர் மனைவி வேறொரு வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை அவர் வேலையில் சேர்ந்தபின் முதல்முறையாக அரைநாள் விடுப்பு எடுத்தார். மூன்றரை மணிக்கு மனைவியும் நாயும் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். நாயைக் கட்டி அழைத்துப் போகவில்லை, அது முன்னால் போக அவள் பின்னால் போனாள், வழி தெரிந்தவர்கள் போகிற மாதிரி. தெருவில் நின்றிருந்த லாரிகளின் மறைவில் மறுபார்வை தொடர்ந்தார். ஒன்பதாம் எண் வீட்டுக் கதவு பச்சை நிறம். தட்டாமலே திறந்துகொண்டு இருவரும் உள்ளே போனார்கள். ஜன்னலில் பாதி உயரத்துக்குத்தான் திரை. அவர் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார்.

உள்ளே ஒரு கேரம் போர்டு இருந்தது. அதற்கு மேலே ஒயரில் தாழ்வாக ஒரு பல்பு தொங்கியது. நாலு பக்கமும் நாலு பேர். ஜவுளி மாளிகையில் லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்றவர், அவருடைய வீடுதான் அது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. பணப்பையைத் தோளிலிருந்து கழற்றாத ஒரு பஸ் கண்டக்டர். நாலாவது அவர் மனைவி. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தாள். பலகை முழுக்க வெள்ளைப் பவுடர். அவள் ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். சிவப்புக் காய் இரண்டு ஓரத்தில் மோதிக் குழியில் விழுந்தது. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல், நாற்காலி பின்னுக்குச் சாயச் சாயச் சிரித்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. கேட்க நன்றாக இருந்தது, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பலகைக்கு அடியில் அவள் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்த பொட்டலம் ஜன்னலில் அவர் தலையைப் பார்த்தது. வாலை ஒருமுறை தரையில் தட்டியது. எழுந்து வரவில்லை.

அவள் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. அதனாலேயே அவள் வாசலில் நின்றுவிட்டாள்.

“நான் பாத்தேன்” என்றார்.

“எத்தனை தடவை?”

“ஒரு தடவைதான்.”

“அதிசயமா இருக்கே.” அவள் பையைக் கீழே வைத்தாள். “மூணு வருஷமா போறேன். திருட்டு வேலை ஒண்ணும் பண்ணல.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா? மொத நாள் யாரு யாருன்னு கேப்பீங்க. ரெண்டாம் நாள் அதே கேள்விய வேற மாதிரி கேப்பீங்க. மூணாம் நாள் வந்து ஜன்னல்ல நிப்பீங்க.”

“நின்னேன்.”

“அதான். அப்புறம் எனக்கு அங்கயும் சிரிப்பு வராது.”

நேற்றுவரை காபியைச் செடிக்கு ஊற்றியதைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். அவள் செடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது.

சோதனை திங்கட்கிழமை. பொட்டலத்தின் சான்றிதழில் இருப்பது அவர் பெயர், ஸ்கேனர் சொல்வது அவள் பெயர், அவர்கள் வாழாத வீட்டின் முகவரி. நாயை யாராலும் திருத்த முடியாது. காகிதத்தைத் திருத்தலாம். இது தோன்றியதும் மறுபார்வை வியாழக்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போய், பொட்டலத்தினுடையதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, ஊர்ச் சான்றிதழ்களை எல்லாம் எடுத்து, ஸ்கேனர் சொல்லும் பெயருக்கு ஏற்பப் புதிதாக எழுத ஆரம்பித்தார். பெயர் மாறியவை மட்டும், மூன்று நாளில் இருநூற்றுப் பதினொன்று எழுதினார். துணி தேய்ப்பவருக்கு இரண்டு நாய். அக்கா பூனை தங்கைக்கு, தங்கை பூனை அக்காவுக்கு. சாம்பல் பூனைக்கு மட்டும் பஸ் கால அட்டவணை மாதிரி நேரம் போட்டு ஒரு தாள். இரும்புக்கடை நாய்க்கு இறந்தவர் பெயரிலேயே கொடுத்தார், மகன் அதைக் கல்லாவுக்குப் பின்னால் அப்பாவின் காலி நாற்காலிக்கு மேலே மாட்டினார். மருந்துக்கடைக்காரர் வந்து குதித்தார்.

“என் பூனைய அடுத்தவனுக்கு எழுதிக் குடுக்க நீ யாருய்யா?”

“நான் எழுதிக் குடுக்கலைங்க. அது சொல்றதைப் பாத்து எழுதறேன். மாத்த வேணாம்னா திங்கக்கிழமை வண்டில ஏத்திருவாங்க. அப்புறம் உங்களுக்கும் இல்ல, அவருக்கும் இல்ல.”

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த பூனைக் கூடையைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, அவரே கடிகாரக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கூடவே ஒரு புட்டி சொட்டு மருந்தும் கொண்டுபோனதாகச் சிலர் சொல்கிறார்கள். ஊர் முழுக்கப் பொருந்திவிட்டது என்று தெரிந்ததும் ஆணையர் தன் குறிப்பாணையைத் தவறுதலாக அனுப்பப்பட்டது என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். சனிக்கிழமை கடைசியாக மறுபார்வை பொட்டலத்தின் சான்றிதழை எழுதினார். மனைவியின் பெயர், தண்ணீர்த் தொட்டிச் சந்து, ஒன்பதாம் எண். தன் கையாலேயே எழுதினார். சரிபார்க்க இரண்டாம் முறை படிக்க அவருக்குத் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வண்டி அவர்கள் தெருவுக்கு வந்தது. வெளியூர் அதிகாரி, அவரோடு கனத்த கையுறை போட்ட இரண்டு ஆட்கள். வண்டியின் வாடை பட்டதுமே பொட்டலம் நடுங்க ஆரம்பித்தது. மறுபார்வை வாசலில் மண்டிபோட்டு அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அதிகாரி ஸ்கேனரை நாயின் பிடரியில் வைத்தார். பீப். சான்றிதழைப் பார்த்தார். பொருந்தியது. கையை எடுக்கும்போது ஸ்கேனர் குனிந்திருந்த மறுபார்வையின் பிடரியை உரசிக்கொண்டு போனது. பீப் என்றது.

அதிகாரி திரையைப் பார்த்தார். ஸ்கேனரைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபார்வையின் கழுத்துக்குக் கீழே நிதானமாக வைத்தார். மறுபடியும் பீப். பதினைந்து இலக்க எண் தெளிவாக இருந்தது. பெயர்க்கட்டம் காலி. முகவரிக்கட்டம் காலி. திங்கட்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவே ஊர் நாய்கள் எப்படி இருந்தனவோ அப்படி. அந்த எண் அவருக்குள் எப்போது வந்தது, எத்தனை வருடமாகக் காலியாக இருக்கிறது என்பதை விசாரிப்பது அதிகாரியின் வேலை இல்லை. அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, நாய், பூனை மற்றும் அவற்றைப் போல வீட்டில் வைத்துப் பராமரிக்கப்படும் பிற உயிர்கள் என்ற வரியில் விரலை வைத்தார்.

“வயசு?”

“அம்பத்திரண்டு.”

“பன்னிரண்டு வாரத்துக்கு மேல” என்று அதிகாரி எழுதிக்கொண்டார். ஆட்களில் ஒருவர் போய் வண்டியின் பின்கதவைத் திறந்தார். மறுபார்வையின் முகத்தில் ஈயாடவில்லை. தவறு நடந்திருக்கிறது, இன்னொரு முறை பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருந்தார்கள்.

அதிகாரி வாசலில் நின்ற மனைவியிடம் கேட்டார். “உங்களோடதா?”

அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள். தெருவில் கம்பிவலை அடித்த ஜன்னல்களுக்குப் பின்னால் எல்லோரும் நின்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் மறுபடியும் பார்த்தாள், அவசரமில்லாமல், கண்ணாடிக் கடையில் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் தேடுகிற மாதிரி. இரண்டாம் முறை பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று மறுபார்வைக்கு அப்போதுதான் தெரிந்தது. நாயை விட்டுவிட்டு எழக்கூடத் தோன்றாமல் அப்படியே மண்டிபோட்டிருந்தார். பத்தொன்பது வருடமாக அவள் தினமும் இதைத்தான் தாங்கியிருக்கிறாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது, பயமும் இருந்தது.

“எங்க கையெழுத்துப் போடணும்?” என்று மனைவி கேட்டாள்.

அதிகாரி படிவத்தைக் கொடுத்தார். உரிமையாளர் என்ற ஒரே வரியில் அவள் தன் பெயரை எழுதினாள். அடுத்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

“அட்ரஸ் புதன்கிழமை சொல்றேன்.”

“இன்னிக்கு திங்கக்கிழமைம்மா.”

“தெரியும். எங்க ஊர்ல அதுதான் வழக்கம்.”

அதிகாரி நம்பாமல் மறுபார்வையைப் பார்த்தார். “ஆமாங்க சார்” என்றார் மறுபார்வை, நாயின் காதருகிலிருந்து. “இங்க அப்படித்தான்.”

வண்டி அந்தத் தெருவில் எதையும் ஏற்றாமல் போயிற்று. புதன்கிழமை மூன்றரைக்குப் பொட்டலம் முன்னால் போக, மனைவி பின்னால் போக, மூன்றாவதாக அவரும் போனார். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போனதும் வீட்டுப் பக்கம் திரும்ப நினைத்தார், நாய் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. ஒன்பதாம் எண்ணில் நாலு பக்கத்துக்கும் ஆள் இருந்ததால் அவருக்குப் பவுடர் டப்பாவைக் கொடுத்தார்கள். யாரிடமும் எதையும் கேட்காமல் பவுடர் தூவினார். முதல் ஆட்டத்தில் அவள் சிரிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் கண்டக்டர் தன் சொந்த ஸ்ட்ரைக்கரையே குழியில் போட்டபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுபார்வை பலகையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்டார், தலையைத் தூக்கவில்லை.

மறுவாரம் அவரது பதிவு முழுமை பெற்றது என்று தபாலில் கடிதம் வந்தது. முகவரியை அவள் போய்ச் சொல்லவில்லை, யாரும் ஏற்றவும் இல்லை, கட்டம் தானாக நிரம்பியிருந்தது. அந்த ஊரில் அதற்குள் அது ஒரு செய்தியே இல்லை. கடிதத்தை அவள் பிரித்துப் படித்துவிட்டுக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தாள். ஒவ்வொரு வருடமும் பொட்டலத்துக்கும் அவருக்கும் சேர்த்து அவளே புதுப்பித்துவிடுகிறாள். ஸ்கேனர் நாள் முழுக்க அவர் மேசையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தான் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. மனைவியிடம் அவர் கேட்கவும் இல்லை, ஒரு தடவைகூட.